காசநோய்: மாத்திரை மட்டும் போதாது, எடையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘2025-க்குள் காசநோய் இல்லா இந்தியா’ என்ற வாசகம் பல சுகாதார நிலையங்களின் சுவரில் இன்னும் அழியாமல் இருக்கிறது. 2018 மார்ச்சில் டெல்லி மாநாட்டில் பிரதமர் அறிவித்த இலக்கு அது. உலகத்துக்கு 2030 என்றால் நமக்கு ஐந்தாண்டு முன்னதாக. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2015-இல் இந்தியாவில் லட்சத்துக்கு 237 பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்தது. 2024-இல் 187 பேருக்கு. உலக சராசரியைவிட நாம் வேகமாகக் குறைத்திருக்கிறோம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்தில் நான்கு பங்கு குறைய வேண்டிய இடத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இந்த நோயில் இறக்கிறார்கள். மருந்து இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது, ஆறு மாதத்தில் குணமாகிறது. அப்படிப்பட்ட ஒரு நோயில் இத்தனை சாவு.

அடுத்த இலக்குத் தேதியைச் சுவரில் எழுதுவதற்கு முன் வேலைகளின் வரிசையை மாற்ற வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். எத்தனை பேரைக் கண்டுபிடித்தோம் என்பதே இதுவரை முதல் கணக்காக இருந்தது. கண்டுபிடித்தவர்களில் எத்தனை பேர் முதல் இரண்டு மாதத்தைத் தாண்டினார்கள் என்பது முதல் கணக்காக வேண்டும். அதற்கு நோயாளியின் எடையையும் அவர் வீட்டுச் சாப்பாட்டையும் மாத்திரைக்குச் சமமாக நடத்த வேண்டும்.

காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நடக்கிறது. அதிலும் முதல் சில வாரங்கள்தான் மோசம். மருந்து கிருமியைக் கொல்லத் தொடங்கிவிடும். சளியில் கிருமி குறையும். ஆள் பிழைக்க மாட்டார். ஏனென்றால் அவர் வந்து சேரும்போதே முப்பது, முப்பத்திரண்டு கிலோதான் இருப்பார். மூச்சை இழுக்கும் தசையே கரைந்திருக்கும், சளியை இருமித் துப்பக்கூட வலு இருக்காது. இரவில் ரத்தச் சர்க்கரை இறங்கும், உடம்பு சில்லிடும். வேறொரு தொற்று வந்தால் காய்ச்சல்கூட வராமல் ஆளை முடித்துவிடும். மாத்திரையால் வரும் கல்லீரல் பாதிப்பும் இப்படி மெலிந்தவர்களிடம்தான் அதிகம்.

இவர்களை அடையாளம் காண எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசும் அயப்பாக்கத்திலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதைச் செய்து காட்டியது. நோய் உறுதியான அன்றே, அதே இடத்தில், சில அளவுகள் மட்டும் பார்க்க வேண்டும். உடல் நிறைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., 14 அல்லது அதற்குக் கீழா? 16-க்குள் இருந்து காலிலும் வீக்கம் இருக்கிறதா? நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்குகிறதா? ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழா? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல், மேல் பரிசோதனைக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் அனுப்ப வேண்டும். எடை மெஷின், உயரம் அளக்கும் பட்டை, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கைக்கடிகாரம் இருந்தால் பத்து நிமிட வேலை.

இந்தப் பத்து நிமிடத்தில் எங்கே தவறு நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதிகமாகத் தவறுவது உயரத்தில். பல இடங்களில் எடையை மட்டும் பார்த்துவிட்டு உயரத்தைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள், அல்லது கண்ணளவில் போடுகிறார்கள். பி.எம்.ஐ. கணக்கில் உயரம் இரண்டு முறை வகுக்கப்படுவதால் சிறு பிழையும் பெரிதாகிவிடும். 160 செ.மீ. உயரமுள்ளவர் 35.8 கிலோ இருந்தால் குறியீடு 14. உடனே சேர்க்க வேண்டிய ஆள். அதே நபரின் உயரத்தை 155 என்று எழுதினால் குறியீடு 14.9 ஆகி, மாத்திரை அட்டையோடு வீட்டுக்குப் போய்விடுவார். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகால், பிட்டம், தோள், பின்னந்தலை நான்கும் சுவரில் படும்படி நிறுத்தி அளப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பி.எம்.ஐ. 14-க்குரிய எடையை உயரவாரியாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் கணக்கே போட வேண்டாம்: 150 செ.மீ.க்கு 31.5 கிலோ, 155-க்கு 33.6, 160-க்கு 35.8, 165-க்கு 38.1.

எடை மெஷினும் அப்படித்தான். ஸ்பிரிங் மெஷினாக இருந்தால் தினமும் காலையில் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மேடு பள்ளமான தரையிலோ விரிப்பின் மேலோ வைக்கக் கூடாது. எடை தவறினால் குறியீடு மட்டுமல்ல, மாத்திரையின் எண்ணிக்கையும் தவறும். முதல் இரண்டு மாதம் தரப்படும் நான்கு மருந்துக் கூட்டு மாத்திரை 25 முதல் 34 கிலோ வரை இரண்டு, 35 முதல் 49 வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு என்று எடையை வைத்தே முடிவாகிறது. 34 கிலோவும் 36 கிலோவும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அட்டையில் ஒரு மாத்திரை வித்தியாசம்.

மூச்சை எண்ணும்போது பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். முழு நிமிடம் எண்ண வேண்டும். நாம் எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சு விடுவதே மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனிப்பதுதான் வழி. ஆக்ஸிமீட்டரை மாட்டியதும் தெரியும் முதல் எண்ணை எழுதிவிடக் கூடாது. கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். கடுமையான ரத்தசோகை உள்ளவருக்கு 97, 98 என்று நல்ல எண்ணே காட்டும். அதை நம்பி அனுப்பிவிட முடியாது. கால் வீக்கத்தை வேட்டிக்கு மேலே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் பெருவிரலால் பத்து வினாடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிப் பார்க்காமலேயே ‘நிற்க முடியும்’ என்று டிக் செய்வதும் நடக்கிறது. தாமாக எழ முடியாத நிலை என்பது சாவு நெருங்குவதன் அடையாளம். ஐந்து வினாடியில் தெரியக்கூடிய அதைக் கேட்காமல் விடுவது பெரிய பிழை.

சேர்த்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வார்டில் நடக்கும் ஒரு தவறு உயிரையே எடுக்கும். வாடிப்போய் வந்தவருக்குத் தெம்பு வரட்டும் என்று எடுத்த எடுப்பில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதும், வீட்டார் பிரியாணி, குளிர்பானம், இனிப்பு என்று வாங்கிக் கொடுப்பதும் அன்பினால்தான். ஆனால் மாதக்கணக்கில் பட்டினியில் கிடந்த உடம்பு திடீர் சர்க்கரையைத் தாங்காது. இன்சுலின் ஏறும், ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் இழுக்கப்படும், இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும். ஏற்கெனவே குறைந்திருக்கும் வைட்டமின் பி1-உம் தீர்ந்துபோகும். அதனால் முதலில் பி1 ஊசி, பிறகு உணவு. முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரி அளவில், 35 கிலோ நபருக்கு 350 கலோரி போல, எட்டு வேளையாகப் பிரித்துப் பால் கஞ்சியாகக் கொடுத்து, நான்கிலிருந்து ஏழு நாளில் முழு அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறாக விடக் கூடாது. மருத்துவமனைச் சமையலறையின் நேர அட்டவணை இதற்கு ஏற்றபடி இல்லை என்பதுதான் உண்மை. இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் ஒரு டம்ளர் கஞ்சி கிடைக்க வழி செய்வது அந்தந்த மருத்துவமனை நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

சேர்ந்தவர் தங்க வேண்டுமே! கூட இருக்க ஆள் வந்தால் அவருடைய கூலி போகும். மதுப்பழக்கம் உள்ளவருக்கு இரண்டாம் நாள் கை நடுங்க ஆரம்பிக்கும். அப்போது எழுந்து போய்விடுவார். அது திமிர் இல்லை, குடி நின்றதால் வரும் உடல் உபாதை. சேர்க்கும்போதே கேட்டு, அதற்கான மருந்தையும் பி1-ஐயும் அன்றே தொடங்கினால் அவர் இருப்பார். திட்டினால் போய்விடுவார். உதவியாளருக்குச் சாப்பாடும் ஒரு நாள் கூலியில் பாதியாவது படியும் தர அரசு ஏற்பாடு செய்தால், ‘மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறினார்’ என்ற குறிப்புகள் குறையும்.

உணவுக்கு ஏன் இவ்வளவு நாள் இரண்டாம் இடம் என்பதற்குச் சென்னையோடு சேர்ந்த ஒரு வரலாறு உண்டு. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்றைய சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. மோசமான சாப்பாடு, நெருக்கமான வீடு என்று இருந்தும் வீட்டிலிருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவில் குணமானார்கள். சானடோரியத்தில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான ஏழைகளுக்கு அந்த ஆய்வு வாழ்வு கொடுத்தது. அதில் நமக்குப் பெருமை இருக்கிறது. ஆனால் வீட்டிலேயே குணப்படுத்த முடியுமா என்ற கேள்விக்குக் கிடைத்த விடையை, சாப்பாடு முக்கியமில்லை என்ற அர்த்தத்தில் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நிற்கவே முடியாத நிலையில் வருபவரைப் பற்றிய விடை அது அல்ல.

அந்த விடை ஜார்க்கண்டில் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில் 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொதி தரப்பட்டது. அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய். நாளொன்றுக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம். கூடவே வைட்டமின் மாத்திரை. ஒரு பகுதிக் குடும்பங்களில் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியாகும் வகை 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்கு மரண ஆபத்து பாதிக்கும் கீழாக இறங்கியது. 36 கிலோ உள்ளவருக்கு ஐந்து சதவீதம் என்பது இரண்டு கிலோகூட இல்லை!

இப்போது அரசு தருவது பணம். நிக்ஷய் போஷண் திட்டத்தில் 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய். 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். உயர்த்தியது நல்லது. ஆனால் நாளுக்கு 33 ரூபாய்தான் வருகிறது. 52 கிராம் புரதத்தை நம் ஊர்ப் பொருளில் கணக்குப் போடுவோம்: இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் வேர்க்கடலையில் 12, 50 கிராம் துவரம் பருப்பில் 11. கூட்டினால் 51. இதோடு நூறு கிராம் ரேஷன் அரிசியைச் சேர்த்தால் கலோரியும் 1,200-ஐத் தாண்டிவிடும். அரிசி இலவசம் என்று வைத்துக்கொண்டாலும் மற்றவை கடை விலையில் ஐம்பது ரூபாயைத் தொடும். அந்த 33 ரூபாயும் நோயாளியின் தட்டுக்கு மட்டும் போவதில்லை. வேலைக்குப் போகாத வீட்டின் வாடகைக்கும் கடனுக்கும் போகிறது. அதில் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பணம் வந்து சேரும் நேரம் இன்னொரு சிக்கல். சிகிச்சை தொடங்கியதும் 3,000, 84 நாள் முடிந்ததும் 3,000 என்பது விதி. முதல் தவணை முதல் வாரத்திலேயே வர வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்து. வங்கி இணைப்புக்குப் பிறகு மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. எண், பல மாதம் பயன்படாமல் முடங்கிய கணக்கு, சொந்தக் கணக்கே இல்லாத பெண், சொந்த ஊர்க் கணக்கோடு இங்கே வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளி. இவற்றில் ஒன்று போதும், தவணை இரண்டு மாதம் தள்ளிப்போகும். சாவு நடக்கும் இரண்டு மாதமும் அதுதான். எனவே முதல் இரண்டு மாதத்துக்கு உணவைப் பொருளாகவே, முதல் மாத்திரை அட்டையோடு சேர்த்துக் கையில் கொடுங்கள் என்கிறோம். பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழுள்ளவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சத்துணவுக் கூடுதல் தருவது தேசியத் திட்டத்திலேயே இருக்கிறது. அது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மாத்திரையைப் போலவே தவறாமல் வர வேண்டும். நன்கொடையாளர் கிடைத்தால் பொதி, கிடைக்காவிட்டால் இல்லை என்ற நிலையில் ஒரு சிகிச்சையை விட முடியாது.

வீட்டிலுள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டில் வழி ஏற்கெனவே இருக்கிறது. ரேஷனில் அரிசிக்குக் குறை இல்லை. குறைவது பருப்பு. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. ஜார்க்கண்ட் அளவில் நான்கு பேருக்கு ஆறு கிலோ வேண்டும். காசநோய்க் குடும்பம் என்று கடையில் தெரியாதபடி, அட்டையின் ஒதுக்கீட்டில் மட்டும் ஆறு மாதத்துக்கு ஐந்து கிலோ பருப்பைக் கூட்டிவிடலாம். பெயர்ப் பட்டியலைக் கடைச் சுவரில் ஒட்டினால் யாரும் வாங்க வர மாட்டார்கள். அந்த ஆய்வின் கணக்கில் ஏறத்தாழ 30 குடும்பங்களுக்கு உணவு கொடுத்தால் ஒரு புதிய காசநோயைத் தடுக்கலாம். ஒரு நாட்டின் சுகாதாரச் செலவில் இது மலிவு. வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், நோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகு தடுப்பு மாத்திரை தொடங்குவதையும் இதே வருகையில் முடித்துவிடலாம்.

பரிசோதனை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். நுண்ணோக்கியில் பார்க்கும் சளிப் பரிசோதனை ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் காட்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட், சிபிநாட் போன்ற மூலக்கூறுப் பரிசோதனைக்கு நூறு அளவில் இருந்தாலே போதும். எனவே முதல் பரிசோதனையே அதுவாக இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய சிப், கார்ட்ரிட்ஜ் தீர்ந்த நாளில் பழைய முறைக்கே போய்விடுகிறார்கள். அந்த நாட்களை மாவட்டம் பதிவுசெய்து மேலே அனுப்ப வேண்டும். 2019-21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் நூற்றில் 42 பேருக்கு மேல் கண்டுபிடிக்கப்படாமலே போயிருப்பார்கள் என்று தெரிந்தது. இருமல் இல்லை என்பதாலேயே, எடை இழந்துகொண்டே வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. மருந்து இருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் மருந்துகளை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளும்படி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுத வேண்டி வந்தது. குறைந்தது மூன்று மாத இருப்பு மாவட்டக் கிடங்கில் இருக்கிறதா என்பதை மாதந்தோறும் பொதுவில் வெளியிட்டால், அப்படி ஒரு நிலை வருமுன் தெரிந்துவிடும்.

தனியார் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளி விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம், பலர் செய்கிறார்கள். அந்தப் படிவத்தில் எடை, உயரம், ஆக்ஸிஜன், நிற்கும் நிலை இவற்றையும் நிரப்பி, ஆபத்தில் இருப்பவரை அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நாடு முழுவதும் பதிவாகும் நோயாளிகளில் மூன்றில் ஒருவர் தனியாரிடமிருந்து வருகிறார். இந்த அளவுகள் அவர்களுக்குப் பார்க்கப்படாவிட்டால் திட்டத்தில் பெரிய ஓட்டை.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு மார்ச் 24-லும் காசநோய் நாளுக்குச் செய்தி வெளியிடுகிறீர்கள். அன்று எத்தனை முகாம் நடந்தது என்பதோடு, மாவட்டவாரியாக நோய் உறுதியானவர்களில் எத்தனை பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு முதல் நாள் உயரம் அளக்கப்பட்டது என்று அதிகாரிகளிடம் கேட்டு வெளியிடுங்கள். கேள்வி வரும் என்று தெரிந்தால் அளவுகள் சரியாக எடுக்கப்படும்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாராவது இப்போது மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், வாரம் ஒரு நாள், அதே மெஷினில், காலையில் எடை பாருங்கள். முதல் மாதத்தில் எடை ஏறாமல் இறங்கினால், மூச்சு வாங்கினால், தொடர்ந்து வாந்தி வந்தால், கண் மஞ்சளானால், பார்வை மங்கினால் அடுத்த மாத்திரை அட்டை வாங்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது மாத்திரையின் நிறம், அதற்குப் பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் தமிழ்நாட்டில் 104, தேசிய உதவி எண் 1800-11-6666, இரண்டுமே கட்டணமில்லாதவை.

இப்படிக்கு,
காசநோய்ப் பணியிலுள்ள களப்பணியாளர்கள்,
விழுப்புரம் மாவட்டம்